சீக்கிரம் முடியுற டிகிரிதான் நல்ல டிகிரியா?

ஆன்லைன் டிகிரி பத்தி நேத்து ராத்திரி ஒருத்தர் போட்ட அந்த லைவைப் பாத்தவங்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாக்காதவங்க நிம்மதியா இருங்க.

சைபர் செக்யூரிட்டிக்கான (கம்ப்யூட்டரையும் நெட்வொர்க்கையும் ஹேக்கர்கள்கிட்ட இருந்து காக்குற வேலை) ஆன்லைன் டிகிரிகளை லைவ் போட்ட அண்ணன் தரம் பிரிச்சாரு. எதை வச்சு? எது சீக்கிரம் முடியும்ங்கிறதை வச்சு. லேப், அதாவது செய்முறைப் பயிற்சி, எப்படி இருக்கும்னு ஒரு பொண்ணு கேட்டதுக்கு, "அதெல்லாம் யூடியூப்ல இருக்கும்மா"ன்னு ஒரு சிரிப்பு. கீழ எமோஜியாக் கொட்டுது.

அந்த லைவ்ல வந்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

பாடத்திட்டத்தைப் படிங்க. மறுபடியும் சொல்றேன், கல்லூரிப் பேரை விடுங்க, பாடத்திட்டத்தைப் படிங்க. நெட்வொர்க்கிங் இருக்கா? சர்வர்கள்ல ஓடுற லினக்ஸ்? கொஞ்சமாவது புரோகிராமிங்? ஒரு லாக் ஃபைலை (கம்ப்யூட்டர்ல நடந்ததெல்லாம் பதிவாகுற ஃபைல்) கையில கொடுத்து "உள்ள வந்தவன் எந்த வழியா வந்தான், கண்டுபிடி"ன்னு சொல்ற பாடம் ஒண்ணாவது இருக்கா? முக்கால்வாசி மேலாண்மைப் பாடம்னா அது ஸ்டிக்கர் மாத்தி ஒட்டுன எம்.பி.ஏ. (தணிக்கை, கொள்கைன்னு போறவங்களுக்கு அது சரிதான். ஆனா தெரிஞ்சு சேரணும்.)

அமெரிக்காவுல இருக்கிற ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2019ல ஆரம்பிச்ச சைபர் செக்யூரிட்டி ஆன்லைன் முதுநிலைப் படிப்பையே எடுத்துக்குங்க. தகவல் பாதுகாப்பு, கொள்கை, சைபர்-பிசிக்கல் சிஸ்டம்ஸ் (மின்கட்டமைப்பு மாதிரி, கம்ப்யூட்டர் இயக்குற நிஜ இயந்திரங்கள்)னு உள்ள மூணு பிரிவு. டிகிரி பேர் ஒண்ணு, போய்ச் சேர்ற வேலை மூணு. "ஜார்ஜியா டெக் நல்லதா?"ன்னு மொட்டையாக் கேட்டா என்னத்தைச் சொல்ல?

"அப்போ வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி மோசமா?"ன்னு, சீக்கிரம் முடிக்க விடுற அந்த அமெரிக்க ஆன்லைன் பல்கலைக்கழகத்தைக் காட்டி வருவீங்க. நான் சொல்லவே இல்லையே. ஆறு மாசத்துக்கு ஒரே கட்டணம், அதுக்குள்ள எத்தனை பாடம் முடிச்சாலும் சரி. செக்யூரிட்டி பிளஸ் மாதிரி, இந்தத் துறையில நுழையுறவங்க எழுதுற சான்றிதழும் படிப்போடயே வருது. ஏற்கெனவே ஐடியில இருக்கறவருக்கு அருமையான ஏற்பாடு. ஐபி முகவரின்னா (நெட்வொர்க்ல ஒவ்வொரு கருவிக்கும் இருக்கிற எண்) என்னன்னே தெரியாம வர்றவரையும் அதே வேகத்துல ஓடச் சொல்றதுதான் அநியாயம்.

"டிகிரியே வேண்டாம், சான்றிதழ் போதும்" கட்சிக்காரங்களுக்கு: இந்தத் துறையோட பெரிய சான்றிதழ்கள்ல ஒண்ணான சிஐஎஸ்எஸ்பி தேர்வுல பாஸானாலும் 5 வருஷ அனுபவம் காட்டணும். துறை சார்ந்த பட்டம் இருந்தா அதுல 1 வருஷம் கழியும். இதுக்கு மேல இந்த வாதத்துக்கு எனக்கு நேரமில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? நானும் ஆன்லைன்ல படிச்சவன். ஷிப்ட் முடிஞ்சு வந்து, கண்ணு சொருகச் சொருக வயர்ஷார்க்ல (நெட்வொர்க்ல போற தகவலைப் பிடிச்சுக் காட்டுற மென்பொருள்) பாக்கெட் பாக்கெட்டா தகவலைப் பாத்தவன். ஒரு இன்டர்வியூல டிசிபி ஹேண்ட்ஷேக் (ரெண்டு கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இணைப்பை உறுதி பண்ற முறை) கேட்டாங்க, போர்டுல வரைஞ்சு காட்டினேன். அடுத்த கேள்வி, "ஆன்லைனா? அப்போ பரீட்சையெல்லாம் புத்தகத்தைத் தொறந்து வச்சா?" மொத்தப் பேரும் சிரிச்சாங்க. கேமராவுக்கு அறையைச் சுத்திக் காட்டி, கண்ணு பக்கவாட்டுல போனாக்கூட எச்சரிக்கை வாங்கி எழுதின பரீட்சைங்க அது. சொன்னேன். யாரும் காதுல வாங்கல.

"மூணே மாசத்துல முடிச்சிரலாம்"னு ஒருத்தர் கூவுறப்போ, அன்னைக்குச் சிரிச்சவங்க பக்கம் நியாயம் போயிடுது. அடி வாங்குறது ராத்திரி முழிச்சுப் படிக்கிறவன். "பொறாமை"ன்னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு: ஆமாங்க, பொறாமைதான். அவ்வளவு தைரியமாத் தப்பாப் பேச எனக்கு வரல.

சேரப் போறவங்க பாடத்திட்டத்தை இன்பாக்ஸ்ல அனுப்புங்க, படிச்சுச் சொல்றேன். விளம்பர பிடிஎஃப் வேணாம். ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன லேப், என்ன அசைன்மென்ட்னு போட்டிருக்கிற பக்கம் வேணும்.