டேவிட் ஷைரை விட்டுவிட்டீர்களே!

நியூயார்க் சுரங்க ரயிலைக் கடத்தும் கதையான, 1974-இல் வந்த ‘தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ’யையும் 2009 ரீமேக்கையும் உங்கள் கட்டுரையில் அழகாக ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் பழைய படத்துக்கு டேவிட் ஷைர் போட்ட இசைக்கு ஒரு வரிகூட இல்லையே, நியாயமா? எந்தச் சுரத்தையும் ஆதாரமாக வைக்காமல் பன்னிரண்டையும் சமமாகப் பயன்படுத்தும் ‘பன்னிரண்டு சுர முறை’யில் அமைந்த இசை அது. அடியில் ஃபங்க் தாளம், மேலே முட்டிமோதும் பித்தளை வாத்தியங்கள். டைட்டில் முடிவதற்குள் நியூயார்க்கின் மொத்த எரிச்சலும் காதுக்குள் வந்துவிடும்.

பழைய படத்தின் வில்லன் ராபர்ட் ஷா ரயிலைக் கடத்திவிட்டுக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நிதானம்தான் பயமே. ரீமேக்கின் வில்லன் ஜான் டிரவோல்டா கத்துகிறார், கத்துகிறார், கத்திக்கொண்டே இருக்கிறார். அப்புறம் பழைய படத்தின் அந்த மேயர்! காய்ச்சலில் படுத்தபடி கடத்தல்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாமா என்று யோசிக்க, பிணைக்கைதிகளின் பதினெட்டு ஓட்டு நிச்சயம் என்று மனைவி எடுத்துக்கொடுப்பார். இந்த நக்கல் ரீமேக்கில் அறவே இல்லை.

பத்து லட்சம் டாலர் பிணைத்தொகை ஒரு கோடி ஆனது சரி, காலம் மாறிவிட்டது. ஆனால் ரீமேக் முழுக்க வீண் என்று கீழே ஒரு நண்பர் எழுதியிருப்பதை ஏற்கமாட்டேன். பயணியின் தலையில் துப்பாக்கி இருக்க, கடத்தல்காரனோடு பேசும் ரயில்வே ஊழியராக வரும் டென்சல் வாஷிங்டன் ரேடியோவில் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொள்ளும் காட்சிக்கு ஈடாகப் பழைய படத்தில் எதுவும் கிடையாது. பழைய படத்தில் கடத்தல்காரர்களோடு பேசும் வால்டர் மாத்தோவுக்கு அப்படி ஒரு சுமையே அங்கே தரப்படவில்லை.

ஷாவின் கூட்டாளிகளுக்கு நிறங்களைப் பெயராக வைத்ததைத்தான் இயக்குநர் டாரன்டினோ பிறகு ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ படத்தில் எடுத்துக்கொண்டார். 1998-இல் இதே கதை ஒரு டிவி படமாகவும் வந்தது. அதைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை.