ரயில் சிமுலேட்டருக்கு விஆர்: முதலில் கேபினை மட்டும் கொடுங்கள்

கார் ரேஸ் விளையாட்டுக்கு விஆர் (தலையில் மாட்டும் ஹெட்செட்டில் நம்மைச் சுற்றி முப்பரிமாணக் காட்சி காட்டும் மெய்நிகர் தொழில்நுட்பம்) எப்போதோ வந்துவிட்டது. விமானத்துக்கும் வந்துவிட்டது. ரயில் சிமுலேட்டரில் மட்டும் விஆர் என்று பேச்செடுத்தால் "முழு விளையாட்டையும் பிரித்துக் கட்ட வேண்டும், கட்டுப்படியாகாது" என்ற வாதம் உடனே வந்து நிற்கும். முழு விளையாட்டையும் பிரிக்கச் சொன்னது யார்? ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி, கேபினுக்குள் மட்டும் இயங்கும் ஒரு விஆர் போதும். பிளாட்ஃபார்மில் நடப்பது, பயணிகள் பெட்டிக்குள் உலாவுவது, வெளிக் கேமரா எல்லாம் பழையபடி மானிட்டரிலேயே இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 டிசம்பரில் விஆரைக் கொண்டுவந்தபோது கைக் கன்ட்ரோலர் ஆதரவுகூடக் கிடையாது. மவுஸும் ஜாய்ஸ்டிக்கும்தான். ஆட்கள் சந்தோஷமாக உட்கார்ந்து பறந்தார்கள். கை வசதி பிறகு வந்தது.

சொல்லப்போனால் விஆருக்கு ரயிலைவிடத் தோதான வாகனம் கிடையாது. குமட்டல் வருவது கண் பார்க்கும் அசைவும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணரும் அசைவும் முரண்படும்போது. ரயிலின் வேகம் மெதுவாகத்தான் ஏறும். வேகமெடுக்கும் புறநகர் ரயிலே நொடிக்கு நொடி ஒரு மீட்டர்/நொடி அளவில்தான் கூடும், சரக்கு ரயில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வளைவுகள் பெரியவை. சுற்றிலும் அசையாத கேபின் சட்டம் கண்ணுக்கு ஒரு பிடிமானம் தருகிறது. ஆனால் பலர் செய்யும் முதல் காரியம், தலை ஆட்டத்தையும் கேமரா குலுக்கலையும் அணைக்காமலே ஹெட்செட்டை மாட்டுவது. மானிட்டரில் அழகாகத் தெரியும் அந்தக் குலுக்கல் விஆரில் பத்து நிமிடத்தில் வயிற்றைப் புரட்டிவிடும். குலுங்க வேண்டுமானால் கேபினும் வெளியுலகமும் ஒன்றுக்கொன்று குலுங்கட்டும். பார்வையாளனின் தலையை விளையாட்டு தொடவே கூடாது.

சரி, கேபின் மட்டும் என்றால் வேலை சுலபமா? இல்லை. மூன்று இடங்களில் கைவைக்காவிட்டால் அது வெறும் இரண்டு கண் படமாகத்தான் இருக்கும்.

முதலாவது, கணக்கிடும் வரிசை. ரயிலின் இடமும் தலையின் இடமும் ஒரே ஃப்ரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றுக்கு) உரியதாகக் கணக்கிடப்பட வேண்டும். மணிக்கு 108 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 30 மீட்டர். 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் என்றால், ஒரு ஃப்ரேம் 11.1 மில்லி செகண்டு, அதற்குள் ரயில் 33 சென்டிமீட்டர் போய்விடும். கேமரா ஒரு ஃப்ரேம் பின்தங்கினால் ஓட்டுநரின் தலை இருக்கைக்குள் புதைந்துவிடும். ஃப்ரேம் நேரம் ஏறி இறங்கும்போது டேஷ்போர்டே முன்னும் பின்னும் நடுங்கும். மானிட்டரில் இந்தப் பிழை அவ்வளவாகக் கண்ணில் படாது. தீர்வு, தலையின் இடத்தை உலக ஆயங்களில் (வரைபடம் முழுவதற்குமான அளவுகளில்) வைக்காமல், கேபினோடு சேர்ந்து நகரும்படி அதன் "குழந்தையாக" வைப்பது, ரயிலின் இயக்கவியல் கணக்கு முடிந்த பிறகே தலையின் நிலையை வாசிப்பது.

இரண்டாவதை ரயில் விளையாட்டுக்கென்றே எழுதிவைத்த சாபம் எனலாம். பெரும்பாலான விளையாட்டுகளின் வரைபடம் சில கிலோமீட்டர். ரயில் தடமோ நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும். 32-பிட் மிதவைப் புள்ளி எண்ணில் (கணினி தசம எண்களைச் சேமிக்கும் வழக்கமான வடிவத்தில்) மீட்டர் கணக்கில் எழுதினால், ஆதிப்புள்ளியிலிருந்து (அளவு தொடங்கும் பூஜ்யப் புள்ளியிலிருந்து) 10 கிலோமீட்டரில் இடத்தின் துல்லியம் சுமார் 1 மில்லிமீட்டர், 100 கிலோமீட்டரில் சுமார் 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கும் பிரஷர் கேஜின் முள் 8 மில்லிமீட்டர் தாவினால் எப்படி இருக்கும்? அதனால் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆதிப்புள்ளியை ரயிலுக்கு நகர்த்துவார்கள். நகர்த்தும்போது புகைத் துகள்கள், ஒலி மூலங்கள், முந்தைய ஃப்ரேமின் இட, திசைக் கணக்குகள் ஆகியவற்றை விட்டுவிட்டால், ஒரே ஒரு ஃப்ரேமுக்கு முழுக் காட்சியும் இழுபட்டுத் தெரியும். ஒரு ஃப்ரேம்தானே என்று விடக் கூடாது, ஹெட்செட்டில் அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது, சிக்னல். குவெஸ்ட் 3 ஹெட்செட் பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 25 பிக்சல் தருகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிக்னல் விளக்கு 800 மீட்டரில் 0.014 பாகை, அதாவது பிக்சலில் மூன்றில் ஒரு பங்குதான். நேர்மையாக வரைந்தால் சிவப்பு தெரியவே தெரியாது. விளையாட்டுகள் விளக்கின் மேல் ஒளிவட்டம் ஒட்டி ஏமாற்றுவது இதனால்தான். ஆனால் அந்த ஒளிவட்டம் தலையின் திசையைப் பார்த்துத் திரும்புவதாக இருந்தால், தலையைச் சாய்க்கும்போது அதுவும் சாயும். தலையின் இடத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள மேல்நிலை மின்கம்பிக்கு 50 மீட்டரிலேயே இதே கதி. தூரத்தில் கம்பியை ஒரு பிக்சலுக்குக் குறையாமல் தடிமனாக்கி, அதே விகிதத்தில் ஒளிபுகும்படி மங்கச் செய்தால் மினுமினுப்பு அடங்கும். இதைச் செய்யாமல் டெம்போரல் ஆன்டி-அலியாசிங்கை (முந்தைய ஃப்ரேம்களைக் கலந்து விளிம்புகளை மென்மையாக்கும் முறையை) ஏற்றினால் சிக்னலும் சேர்ந்து கரைந்துவிடும். ஒவ்வொரு பொருளையும் ஒளியோடு நேரடியாக வரையும் ஃபார்வர்டு ரெண்டரிங்கும், ஒரே ஃப்ரேமுக்குள் விளிம்பை மென்மையாக்கும் எம்எஸ்ஏஏவும் விஆருக்கு இன்னும் மேல்.

மரங்களைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 63 மில்லிமீட்டர் கண் இடைவெளிக்கு 90 மீட்டருக்கு அப்பால் ஆழ வித்தியாசம் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் தட்டையான படமாக நிற்கும் அட்டை மரமும் நிஜ மரமும் ஒன்றுதான். தடத்தை ஒட்டிய முதல் வரிசையை மட்டும் ஒழுங்காகச் செய்தால் போதும்.

அதிகாரப்பூர்வ வசதி வரும்வரை யுஇவிஆர் இருக்கிறது, அன்ரியல் என்ஜின் விளையாட்டுகளுக்குள் விஆரைப் புகுத்தும் வெளி மென்பொருள். ட்ரெய்ன் சிம் வேர்ல்டு என்ற ரயில் விளையாட்டு அன்ரியல் என்ஜினில் ஓடுவதால் அதில் செலுத்திப் பார்க்கலாம். விளையாட்டைத் திறந்து கேபினுக்குள் உட்கார்ந்த பிறகு, ஹெட்செட்டோடு பேசும் பொது இடைமுகமான ஓப்பன்எக்ஸ்ஆரைத் தேர்ந்து இன்ஜெக்ட் செய்ய (விளையாட்டுக்குள் செலுத்த) வேண்டும். இன்சர்ட் பொத்தானை அழுத்தினால் மெனு வரும். முதலில் நேட்டிவ் ஸ்டீரியோ (இரண்டு கண்ணையும் சேர்த்தே வரையும் முறை). ஒரு கண்ணில் மட்டும் நிழல் விழுகிறது, ஒளி கெடுகிறது என்றால் சிங்க்ரனைஸ்டு சீக்வென்ஷியல் (ஒரே கணத்தை ஒரு கண்ணுக்குப் பின் மறு கண்ணாக வரையும் முறை). இரண்டு கண்ணுக்கும் மாறி மாறி ஃப்ரேம் கொடுக்கும் முறை பக்கமே போகாதீர்கள். மேலே சொன்ன 33 சென்டிமீட்டர் கணக்கைப் பாருங்கள்: பக்கவாட்டில் பார்க்கும்போது இடது கண்ணின் படத்துக்கும் வலது கண்ணின் படத்துக்கும் நடுவில் கம்பம் அவ்வளவு நகர்ந்திருக்கும். கண் இடைவெளியைப் போல ஐந்து மடங்கு. மூளை அதை வைத்து ஆழத்தை என்னவென்று கணிக்கும்?

வேர்ல்டு ஸ்கேலை (உலகம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பை) குத்துமதிப்பாக வைக்காதீர்கள், தண்டவாளமே அளவுகோல். ஸ்டாண்டர்டு கேஜ் தடத்தில் இரு தண்டவாளங்களின் இடைவெளி 1435 மில்லிமீட்டர். ரயிலை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பக்கத்துத் தடத்தைப் பாருங்கள். பொம்மை ரயில்பாதை மாதிரித் தெரிந்தாலோ, லாரியே படுக்கும் அகலத்தில் தெரிந்தாலோ ஸ்கேல் தப்பு. இதைச் சரிசெய்தபின் இருக்கை உயரத்தை மாற்றுங்கள், வரிசை மாறினால் இரண்டும் குழம்பும். இவ்வளவு செய்தாலும் இன்ஜெக்டர் இன்ஜெக்டர்தான். மெனு முகத்துக்கு நேரே மிதக்கும், கை கிடையாது.

கை வேண்டும் என்பவர்களுக்கு டிரெய்ல் வேலி என்ற ரயில் விளையாட்டு சரியான உதாரணம். 2019 ஜனவரியில் ஆரம்பப் பதிப்பு வந்த நாளிலிருந்தே விஆர் உண்டு, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கைக்கூடக் கையால் மாட்டலாம். ஆனால் அது தொடக்கத்திலிருந்தே அப்படித் திட்டமிட்டது. பழைய விளையாட்டில் கையை ஒட்டவைக்கும்போது லீவரில்தான் சறுக்கும். கை லீவரை விட்டு 15-20 சென்டிமீட்டர் விலகினால் பிடி தானாக விடுபட வேண்டும், லீவர் கடைசி நாட்ச்சிலேயே (லீவர் நிற்கும் படிகளில் கடைசியாக இருந்த படியிலேயே) நிற்க வேண்டும். ஒவ்வொரு நாட்ச்சுக்கும் ஒரு சிறு அதிர்வு. நாட்ச் மாறும் புள்ளி ஏறும்போது ஓரிடத்திலும் இறங்கும்போது சற்றுத் தள்ளியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை நடுக்கத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) துடிக்கும். எமர்ஜென்சி பிரேக்குக்கு மட்டும் கூடுதலாக ஒரு தள்ளு. முழங்கை பட்டாலே சரக்கு ரயில் நின்றுபோவது யாருக்கும் பிடிக்காது. டெட்மேன் மிதியை (ஓட்டுநர் விழிப்போடு இருக்கிறாரா என்று பார்க்கும் பாதுகாப்பு மிதியை) ஒரு யுஎஸ்பி கால் மிதிக்கு ஒதுக்கிவிட்டால் கைக்கு ஓய்வு.

இன்னொன்று, ஓட்டுநர் பெரும்பாலான நேரம் எதையும் தொடுவதில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்தால் சிறிது நேரத்தில் அது தூங்கிவிடும். கன்ட்ரோலரின் இடத்தைக் கண்டறியும் டிராக்கிங் போனதும் லீவர் பூஜ்யத்துக்குத் திரும்பும் விளையாட்டை விஆர் என்றே சொல்ல மாட்டேன்.

கணினியிலிருந்து ஹெட்செட்டுக்குப் படத்தை வயர்லெஸ்ஸில் அனுப்பி ஓட்டுபவர்கள் பக்கவாட்டு ஜல்லியைக் கவனியுங்கள். நொடிக்கு 200 மெகாபிட், 72 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் சுமார் 350 கிலோபைட்தான் கிடைக்கும். வேகமாக ஓடும் ஜல்லியும் புல்லும்தான் படத்தைச் சுருக்கி அனுப்பும் வீடியோ என்கோடருக்கு எமன். எதிரே தெரிவது தெளிவாக இருக்கும், பக்கத்தில் சேறு குழைத்த மாதிரி ஓடும். கணினியைக் கேபிளில் ரௌட்டருடன் இணைப்பது முதல் வேலை, அதுவும் போதாவிட்டால் ஹெட்செட்டையே கணினியோடு இணைக்கும் லிங்க் கேபிள். 90 ஹெர்ட்ஸ் ஆசையில் 45 ஃப்ரேமுக்கு இறங்கி நடுவில் மென்பொருள் ஊகித்துச் செருகும் இடைச்செருகல் ஃப்ரேமில் ஓட்டுவதைவிட, நிலையான 72 நல்லது. செயற்கை ஃப்ரேமில் முதலில் நெளிவது ஜன்னல் தூண்தான், ஏனென்றால் தூண் நிற்கிறது, அதன் பின்னால் உலகம் ஓடுகிறது. 72-ஐத் தொட முடியாவிட்டால் ரெசல்யூஷனைக் குறைக்கும் முன் கண்ணாடிகளை அணைத்துப் பாருங்கள். பக்கக் கண்ணாடி ஒவ்வொன்றும் தனியாக ஒரு கேமரா, இரண்டு கண்ணுக்கு ஏற்கெனவே திணறும் பிராசஸருக்கு அதுதான் பெரிய சுமை.