சின்னத் துளை வழியே கட்டி முழுசாக வருமா?

கோத்தகிரியிலிருந்து கோவைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவரிடம், "லேப்ராஸ்கோபியில் துளை சின்னது, இரைப்பைப் புற்றுக்கட்டி முழுசாக வராது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். லேப்ராஸ்கோபி என்றால் வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சின்னத் துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன். அப்படி இல்லைங்க. துளைகள் கேமராவுக்கும் கருவிகளுக்கும்தான். வெட்டிய பகுதியை உறைக்குள் போட்டு, சில சென்டிமீட்டர் கீறல் வழியே ஒரே துண்டாக எடுப்பார்கள். பக்கத்து உறுப்பில் ஊடுருவிய கட்டி என்றால் வயிற்றைத் திறந்து செய்யச் சொல்லலாம்; அது வேறு விஷயம்.

ஆரம்ப நிலைப் புற்றுக்குத் தென்கொரியாவில் 1,416 பேரிடம் நடந்த கிளாஸ்-01 (KLASS-01) ஆய்வைத் தேடிப் பாருங்கள். 5 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் லேப்ராஸ்கோபியில் 94.2%, திறந்து செய்ததில் 93.3%.

அவரவர் ஆபரேஷனைச் சரிபார்க்க டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, பேத்தாலஜி ரிப்போர்ட்டை (வெட்டியெடுத்த பகுதியை ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை) கேட்டு வாங்குங்கள். வெட்டு விளிம்பில் புற்றுசெல் இல்லை என்றிருக்க வேண்டும். நிணநீர்க் கணுக்கள் (புற்று பரவக்கூடிய சிறு முடிச்சுகள்) குறைந்தது 16 எடுத்துச் சோதித்திருக்க வேண்டும்.