சார்லி வாட்ஸின் வாசிப்பைப் பற்றியும் பேச வேண்டும்

2021 ஆகஸ்ட் 24 அன்று லண்டனில் டிரம்மர் சார்லி வாட்ஸ் தமது 80ஆம் வயதில் காலமானபோது நான் படித்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை அவருடைய நேர்த்தியான உடைகளையும், அமைதியான சுபாவத்தையும், 1964இல் மணந்த ஷெர்லியுடன் இறுதிவரை நடத்திய இல்லறத்தையுமே போற்றின. போற்ற வேண்டியவைதாம். ஆனால், 1963 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவில் சேர்ந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அதன் தாளத்தைத் தாங்கிய கலைஞரின் வாசிப்பைப் பற்றி அவற்றில் மிகக் குறைவாகவே இருந்தது எனக்கு வருத்தம் தந்தது.

சிறுவயதில் பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியம் ஒன்றின் கழுத்தைக் கழற்றிவிட்டு, அதன் தோல் முகத்தையே டிரம்மாக்கித் தட்டிப் பழகியவர் அவர். ஓவியக் கல்லூரியில் படித்து, விளம்பரத் துறையில் வரைகலைஞராக வேலை பார்த்த காலத்திலும் பிறகும் அவர் மனம் ஒன்றியது ஜாஸ் இசையில்தான். சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரை அவர் கொண்டாடினார்.

ராக் டிரம்மர்கள் பொதுவாக வலது கையால் ஹை-ஹாட் என்னும் ஜோடித் தாளத் தட்டுகளை இடைவிடாமல் தட்டிக்கொண்டே, நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தின் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் இடது கையால் ஸ்நேர் என்னும் கூர்மையான ஒலி தரும் டிரம்மை அடிப்பார்கள். வாட்ஸோ ஸ்நேரில் அடி விழும் அந்தக் கணத்தில் ஹை-ஹாட்டிலிருந்து வலது கையை எடுத்துவிடுவார். இதனால் ஸ்நேரின் ஒலி எதனோடும் கலக்காமல் தனித்துக் கேட்கிறது, தாளமும் மூச்சுவிடுகிறது. பல குழுக்களில் டிரம்மரையே மற்றவர்கள் பின்பற்றுவார்கள். இங்கே அவர் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் வாசிப்பைப் பின்தொடர்ந்தார். ஸ்டோன்ஸின் இசையில் நாம் உணரும் அந்தத் தளர்வும் துள்ளலும் இவ்விருவருக்கும் இடையிலான நூலிழைத் தாமதத்தில் பிறந்தவை என்பேன்.

‘தி ஹூ’ குழுவின் டிரம்மர் கீத் மூனின் ஆவேசத்தையும் ‘லெட் செப்பலின்’ குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹமின் வலிமையையும் நானும் வியந்து கேட்பவன்தான். அவர்களோடு ஒப்பிட்டு, வாட்ஸுடையது எளிய வாசிப்பு என்று ஒதுக்குவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பாடலுக்குத் தேவையற்ற ஓர் அடியைக்கூட வாசிக்காமல் இருப்பதற்குப் பெரும் பயிற்சியும், அதைவிடப் பெரிய மனமும் வேண்டும். 1969இல் வெளிவந்த ‘லெட் இட் பிளீட்’ ஆல்பத்தின் கடைசிப் பாடலுக்குரிய தாளம் அவருக்குப் பிடிபடாதபோது, தயாரிப்பாளர் ஜிம்மி மில்லரே அதற்கு டிரம்ஸ் வாசித்தார். வாட்ஸ் அதை அவமானமாகக் கொள்ளவில்லை. ஸ்டுடியோவில் தமது வாசிப்பு மேம்பட்டதற்கு மில்லரே காரணம் என்று பின்னாளில் மனமாரச் சொன்னார்.

ஸ்டோன்ஸின் 2021 சுற்றுப்பயணத்தில் வாட்ஸின் இடத்தில் அமர்ந்த ஸ்டீவ் ஜோர்டான் தேர்ந்த கலைஞர். அவரிடம் குறை காண்பதற்கில்லை. இருந்தாலும், பழைய பாடல்களை ஜோர்டானின் வாசிப்பில் கேட்கும்போது, கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி இறுகிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.