பெங்களூர்ல நல்ல காபி எங்கன்னு கேக்காதீங்க, எத்தன மணிக்குன்னு கேளுங்க

ஊர்லேர்ந்து யார் வந்தாலும் சரி, ஆஃபீஸ்ல புதுசா யார் சேர்ந்தாலும் சரி, நான் அல்சூர்ல பொறந்து வளந்தவன்னு தெரிஞ்சா போதும், "பெங்களூர்ல பெஸ்ட் காபி எங்க?"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. முன்னாடியெல்லாம் கடை பேரா அடுக்குவேன். இப்ப பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி தான், எத்தன மணிக்குப் போவீங்க?

காமெடிக்கு சொல்லல. ஃபில்டர் காபில பாதி விஷயம் டைமிங். டிகாக்‌ஷன் எறங்கினா ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள வித்துத் தீந்துடணும். அதுக்கு மேல போச்சுன்னா வாசன காணாமப் போயிடும், அடுப்போரமா சூட்டுலயே கெடந்துச்சுன்னா கசப்பு மட்டும் தான் மிச்சம். பாலும் அப்படியே, காலைல காச்சுன பால மதியம் வரைக்கும் கொதிக்க விட்டு கொதிக்க விட்டு எடுத்தா ஒரு அடிப்பிடிச்ச வாசன வரும் பாருங்க, அத எவ்ளோ சக்கர போட்டாலும் மறைக்க முடியாது. காபி நல்லாருக்கறதால கூட்டம் வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் உல்ட்டாவா சொல்றேன், கூட்டம் வர்றதால தான் காபி நல்லாருக்கு. டிகாக்‌ஷன் பழசாக நேரமே இல்லாத கடை எதுவோ அது தான் நல்ல கடை. அதே கடைக்கு மத்தியானம் மூணு மணிக்குப் போய்ப் பாருங்க, வேற காபி.

இந்த ஊருக்கு அந்த அதிர்ஷ்டம் தர்ஷினிகளால வந்துச்சு. 1983ல ஜெயநகர்ல ஆர்.பிரபாகர் கஃபே தர்ஷினின்னு ஒண்ணு தொறந்தாரு, நாற்காலி கெடையாது, சர்வர் கெடையாது, காசக் கட்டு, சீட்ட வாங்கு, கவுன்ட்டர்ல குடு, நின்னுட்டே சாப்டுட்டுக் கெளம்பு. அப்புறம் அது ஊரெல்லாம் பரவி, இன்னிக்கு தர்ஷினி இல்லாத ஏரியா பெங்களூர்ல இருக்கான்னு தேடணும். நாற்காலி இல்லாததால வாடகை மிச்சம், வெல கம்மின்னு தான் எல்லாரும் பேசுவாங்க. எனக்கு அத விடப் பெரிய விஷயம், உக்கார எடமில்லன்னா எவனும் அரை மணி நேரம் ஒரு காபிய வச்சுட்டு கத பேச மாட்டான், நிமிஷத்துக்கு நிமிஷம் ஆள் மாறும், ஆள் மாற மாற டிகாக்‌ஷனும் மாறும்.

எங்க தெரு முனைல ஒரு சின்ன கடை. பேரு போட்ட போர்டு இருக்கு, முன்னாடி இருக்கற மரக்கெளை மறைச்சு வருஷக்கணக்காச்சு, வெட்டவும் மாட்டாங்க, அதனால ஏரியாவுல யாரும் பேரச் சொல்லிக் கூப்புடறதில்ல. காபி போடறவரு கைய ஒருநாள் நின்னு பாக்கணும். பன்னெண்டு பதிமூணு கிளாஸ் வரிசையா, ஒவ்வொண்ணுலயும் சக்கர முன்னாடியே விழுந்திருக்கும், சின்ன செம்புல டிகாக்‌ஷன எடுத்து இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இழுப்பு, நடுவுல கை நிக்காது, ஆனா எல்லா கிளாஸ்லயும் ஒரே அளவு. அப்புறம் மூக்கு வச்ச பாத்திரத்துல பால், ஒரு முழம் ஒசத்தி ஊத்துவாரு, நொர கிளாஸ் விளிம்புக்கு மேல எழும்பி நிக்கும், வழியாது. இந்தப் பக்கம் ஒரு அம்மா "சக்கர வேணாம்ப்பா"ங்கும், அந்தப் பக்கம் ஒருத்தர் "சக்கரே கம்மி"ன்னு கன்னடத்துல, பின்னாடி ஆட்டோக்காரர் "ஸ்ட்ராங்கா ஏக்"ன்னு. ஒருத்தர் மூஞ்சியயும் நிமிந்து பாக்க மாட்டாரு, சீட்டக் கிழிச்சு டப்பால போட்டுட்டு கரெக்டா அவங்கவங்க கிளாஸ அவங்கவங்க பக்கம் தள்ளி விடுவாரு. காலைல ஏழுலேர்ந்து ஒம்போது வரைக்கும் இந்தக் காட்சி. சாயங்காலம் நாலரைக்கு மேல மறுபடி.

அங்க தான் எங்க மாமாவக் கூட்டிட்டுப் போனேன். கும்பகோணத்துப் பக்கத்துக்காரரு, காபில அவருக்கு இருக்கற கர்வம் உங்களுக்கே தெரியும். நான் "பை டூ"ன்னு சொன்னதும் அவரு மொகம் மாறிடுச்சு.

"என்னடா இது, ஒரு காபிய ரெண்டு பேரு குடிக்கறதா? சம்பளம் வரலையா ஒனக்கு?"

"அதில்ல மாமா, இன்னும் ஒரு மணி நேரத்துல அடுத்தது குடிக்கணும்ல."

இது தான் பெங்களூர். இங்க பை டூங்கறது கஞ்சத்தனம் இல்ல, ரெண்டு வாய் சூடா குடிச்சுட்டு வேலையப் பாக்கறது, திரும்ப வர்றது. பெரிய டம்ளர் காபி கடைசில ஆறிப்போய் அடில தேங்கி நிக்கறத விட இது எவ்ளவோ மேல். மாமா ஒத்துக்கல. பாலு சரியில்ல, தண்ணி கலக்காத பசும்பாலா இருந்தா இந்தக் காபி எங்கயோ போயிருக்கும்னாரு. அதுல அவரு சொல்றது நியாயம் தான், இங்க பெரும்பாலும் நந்தினி பாக்கெட் தான், நம்ம ஆவின் மாதிரி கர்நாடகாவோடது, கறந்த பால் காபிக்கு ஈடு ஆகாது, இதுல நம்ம ஆளுங்க பக்கமே என் ஓட்டு.

ஆனா சிக்கரி விஷயத்துல நான் அவரோட சண்ட போடுவேன். ப்யூர் காபி ப்யூர் காபின்னு இப்ப ஒரு பெருமை கெளம்பிருக்கு. பாலு ஊத்திக் குடிக்கற காபிக்கு கொஞ்சம் சிக்கரி இருந்தா தான் கலரும் கெட்டியும் நிக்கும், வீட்டுல எங்களுக்கு 80க்கு 20, ஹோட்டல்னா 70க்கு 30 கூட ஓகே. சட்டப்படி கலவைல காபி 51 சதவீதத்துக்குக் கொறையக்கூடாது, எவ்ளோ சிக்கரின்னு பாக்கெட்ல போட்டே ஆகணும். அந்தப் பொடி எழுத்தப் படிக்காம வாங்கிட்டு காபி கசக்குதுன்னா நான் என்ன பண்றது.

சரி, பேரு வேணும்னு அடம் பிடிக்கறவங்களுக்கு சொல்றேன். சங்கரபுரத்துல பிராமின்ஸ் காபி பார், 1965லேர்ந்து இருக்கு, இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி, டீ, அவ்ளோ தான் மொத்த மெனுவும், சாம்பார் கூட கெடையாது, சட்னி மட்டும். சாம்பார் இல்லாம இட்லியான்னு கேக்கற தமிழ் ஃப்ரெண்ட்ஸ் யாரும் அந்த சட்னிக்கு அப்புறம் கேள்வி கேட்டதில்ல. மெனு சின்னதா இருக்கற கடைல காபி மேல கண்ணு இருக்கும், இதுவும் என் தியரில சேத்துக்கோங்க. லால்பாக் ரோடு எம்டிஆர்ல வெள்ளி டம்ளர்ல காபி வரும், 1924ல ஆரம்பிச்ச எடம், ஆனா உக்காந்து சாப்ட க்யூல நிக்கற பொறுமை வேணும், எனக்கு அது வருஷத்துக்கு ஒரு தடவ போதும். காந்தி பஜார் வித்யார்த்தி பவன், மல்லேஸ்வரம் சிடிஆர் ரெண்டுக்கும் தோசைக்காகத் தான் போறோம், ஒத்துக்கலாம், ஆனா அந்த வெண்ணெய் நாக்குல இருக்கும்போதே ஒரு ஸ்ட்ராங் காபி எறங்குச்சுன்னா அதுக்கு தனி மார்க்.

உக்காந்தே குடிக்கணும்னா சர்ச் ஸ்ட்ரீட் இந்தியன் காபி ஹவுஸ். மொதல்ல எம்ஜி ரோட்டுல இருந்தது, 2009ல அங்க மூடிட்டு இங்க வந்துச்சு. தலப்பாகை கட்டின சர்வர், வெள்ளக் கப்பு, அவசரமே இல்லாத ஒரு மத்தியானம். 50கள்ல மத்திய அரசோட காபி போர்டு தன்னோட காபி ஹவுஸ்கள இழுத்து மூட ஆரம்பிச்சப்போ வேலை போன தொழிலாளிங்கள கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் ஒண்ணு சேத்து, அவங்களே கூட்டுறவு சங்கம் வச்சு நடத்தின கத இது, அந்த மாதிரி மொத சங்கம் 1957ல தொடங்கினது இதே பெங்களூர்ல தான். மொதலாளி இல்லாத ஹோட்டல்ல குடிக்கற காபிக்கு ஒரு டேஸ்ட் ஜாஸ்தி, இது கொஞ்சம் என் அரசியல், விட்டுடுங்க.

1996 இன்னொரு முக்கியமான வருஷம். அதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் எஸ்டேட்காரங்க வெளஞ்ச காபிய காபி போர்டுகிட்ட தான் குடுக்கணும், எல்லாக் கொட்டையும் ஒரே குவியல்ல போயிடும், எந்தத் தோட்டத்துதுன்னு யாருக்கும் தெரியாது. 92லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா தளந்து 96ல அந்தக் கட்டு மொத்தமா அவுந்துச்சு. அதே வருஷம் பிரிகேட் ரோட்டுல காபி டே மொத கடை. எங்க செட்டுக்கு ஒரு கப்ப வச்சுட்டு ரெண்டு மணி நேரம் உக்காரலாம்னு சொல்லிக்குடுத்தது அவங்க தான். இப்ப இந்திராநகர், கோரமங்களா பக்கம் எஸ்டேட் பேரு, எத்தன அடி உயரத்துல வெளஞ்சது வரைக்கும் எழுதி வச்சு பால் இல்லாம ஊத்தித் தர்றாங்களே, அதுக்கும் விதை அங்க தான் விழுந்துச்சு. சிக்மகளூர் கொட்டைய லைட்டா வறுத்து பால் கலக்காம குடிச்சா ஒரு பழப் புளிப்பு இருக்கு, எனக்கு உண்மையிலயே பிடிக்கும். ஆனா 250, 300 ரூபா வெல காபிக்கில்ல, ஏசிக்கும் வைஃபைக்கும் நாற்காலிக்கும். மீட்டிங் இருந்தா போவேன், காபி குடிக்கணும்னு தோணுனா போக மாட்டேன்.

எனக்குக் கடுப்பேத்தறது வேற ஒரு ரகம். பளபளன்னு பித்தள டபரா, செவுத்துல கோயில் கோபுரம் படம், பேருலயே நம்ம ஊரு, உள்ள போனா ஈ ஓட்டிட்டு இருப்பாங்க. ஒரு தடவ மத்தியானம் உக்காந்தேன், கேஷ்ல இருந்த பையன்கிட்ட டிகாக்‌ஷன் எப்ப போட்டதுன்னு கேட்டா "மார்னிங் சார்"னு சந்தோஷமா சொல்றான். பாவம், அவன் என்ன பண்ணுவான், கூட்டம் வந்தா தானே புதுசு போட.

வெல ஏறிடுச்சுன்னு பொலம்பறவங்களுக்கு ஒண்ணு. 2025 ஏப்ரல்ல நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபா ஏறுச்சு, காபிக்கொட்ட வெலயும் சேந்து ஏறுன நேரம், ஹோட்டல்காரங்க அப்பவே காபிக்கு ரெண்டு மூணு ரூபா கூட்டலன்னா பால்ல தண்ணிய ஊத்திருப்பாங்க. ரெண்டு ரூபா ஏறட்டும், பால் அப்படியே இருக்கட்டும்.

போறவங்க லீவு நாள மறந்துடாதீங்க. எம்டிஆர் லால்பாக் ரோடு திங்கக்கெழம, வித்யார்த்தி பவன் வெள்ளிக்கெழம, பிராமின்ஸ் ஞாயித்துக்கெழம. எங்க அல்சூர் கடைக்கு லீவு பண்டிக அன்னிக்கு மட்டும் தான், வழி கேட்டா யாரும் சொல்லுவாங்க, போர்ட தேடாதீங்க.