பனியன் துணிக்கு இது ஒத்து வராதுங்க

துணியோட பலத்தை அறிய ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சு இழுத்துப் பார்ப்பாங்கன்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க. நெய்த துணிக்குச் சரி. எங்க திருப்பூர் பனியன் துணி பின்னல் துணிங்க. ஒரு பக்கம் இழுத்தா மறுபக்கம் ஒடுங்கி, ஓரமெல்லாம் சுருண்டுக்கும். அதனால இங்க பர்ஸ்டிங் டெஸ்ட்தான். துணியை வட்ட வளையத்துல இறுக்கி, அடியில இருக்கிற ரப்பர் டயாபிரத்தை, அதாவது மெல்லிசான ரப்பர் தகட்டை, காத்து அடிச்சோ திரவம் ஏத்தியோ உப்ப வைப்பாங்க. துணி பூரி மாதிரி எழும்பி 'டப்'புனு கிழியும். அந்த அழுத்தம்தான் கணக்கு, கிலோபாஸ்கல்ல. ரப்பர் உப்பறதுக்கு மட்டும் பிடிச்ச அழுத்தத்தை அதுல கழிக்கணும். கழிச்சாங்களான்னு நான் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் கேட்டுடுவேன், லேப்காரங்களுக்குக் கடுப்புதான்.

ரெண்டு வருசம் முன்னாடி எங்க லாட் ஒண்ணு இதுல ஃபெயில். நூல்காரரைத்தான் முதல்ல திட்டினோம், பாவம். மிச்சமிருந்த கிரே துணியை, அதாவது இன்னும் பிளீச் பண்ணாத துணியை, போட்டுப் பார்த்தா நல்ல பலம். பிளீச்சிங் முடிஞ்ச துணிதான் தாங்கலை. போர் தண்ணியில இருந்த இரும்பு, வெளுக்கறதுக்குப் போடற பெராக்சைடைக் கிளப்பி விட்டுப் பருத்தியை அரிச்சிருக்கு. வெளிச்சத்துல பிடிச்சா ஊசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா தெரிஞ்சுது. இப்ப பிளீச்சிங்குக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பிடறோம்.