அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள்

போன அக்டோபரில் ஒரு நாள் வேலை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தால், சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு உறை. அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் கடிதம் எழுதுகிறவர்கள் இல்லை. பிரிப்பதற்கு முன்பே வயிற்றில் புளியைக் கரைத்தது.

உள்ளே ஒரு தாள், கூடவே பணம் கட்டும் சீட்டு. செப்டம்பர் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, நேரம் 11.52, ஊர்ப் பெயர், என் பைக் நம்பர். அனுமதித்த வேகம் 50. அளந்த வேகம் 61. கருவியின் பிழைக்காகக் கழித்தது 5. ஆக 56, அதாவது 6 கிலோமீட்டர் அதிகம். அபராதம் 120 பிராங்க். முப்பது நாளுக்குள் கட்ட வேண்டும்.

60 என்று பதிவாகியிருந்தால் கழிவு போக 55 வந்திருக்கும். ஊருக்குள் 5 கிலோமீட்டர் வரை அதிகம் போனால் 40 பிராங்க்தான். 6 முதல் 10 வரை 120. ஒரே ஒரு கிலோமீட்டரில் 80 பிராங்க் போயிற்று. முதல் நாள் முழுக்க என் மனசு அந்த ஒரு கிலோமீட்டரிலேயே நின்றது. ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டவில்லையோ என்றுகூட யோசித்தேன். ஆனால் உண்மை வேகத்தைவிட அது குறைத்துக் காட்டக் கூடாது என்பது இங்கே விதி. கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அப்படியென்றால் அந்த நேரத்தில் என் முள் 61க்கும் மேலேதான் நின்றிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். நான் இருப்பது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில். சுவிஸ் ஆல்ப்ஸில் உள்ள சூஸ்டன், கிரிம்சல், ஃபூர்கா என்ற மூன்று கணவாய்களையும் ஒரே சுற்றாக ஓட்டி முடிப்பது இங்கே பைக் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் உள்ள ஆசை. ஃபூர்கா 2,429 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவுதான், ஆனால் குளிர்காலம் முழுக்கச் சாலையையே மூடிவிடுவார்கள். முந்தின நாள் சூஸ்டனைப் பார்த்துவிட்டு ஆண்டர்மாட்டில் தங்கினேன். வெள்ளிக்கிழமை காலை ஃபூர்கா ஏறி இறங்கி, கிரிம்சல் ஏறி இறங்கி, அப்புறம் பெர்ன் போவதாகத் திட்டம். மலையில் இரண்டு மணி நேரம் கொண்டை ஊசி வளைவுகளில் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டியபின், கீழே நேர்ச்சாலைக்கு வந்ததும் 80 என்பது நடக்கிற வேகம் மாதிரி இருக்கும். பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். அந்த நிலையில் ஒரு கிராமத்தின் 50 பலகை வருகிறது. ஆக்சிலரேட்டரை விட்டேன், அதில் சந்தேகமில்லை. பிரேக் போடவில்லை. வண்டி தானாக 50க்கு இறங்கிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கடிதத்தைப் படம் எடுத்து எங்கள் பைக் நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். பத்து நிமிஷத்தில் இருபது யோசனை வந்தது. "கட்டாத மச்சி, ஜெர்மனில இருக்கறவன சுவிஸ்காரன் என்ன பண்ணுவான்?" என்றான் ஒருவன். "ஹெல்மெட் போட்டிருந்த இல்ல? யார் ஓட்டினதுன்னு தெரியாதுன்னு எழுதிடு" என்றான் இன்னொருவன். "ஒரு வருஷம் பொறு, தள்ளுபடி வரும்" என்றது பெங்களூரிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி.

அந்தத் தம்பி சொன்னது அவனுக்குத் தெரிந்த உலகம். 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தில் நிலுவையில் இருந்த போக்குவரத்து அபராதங்களுக்கு அரசே 50 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது. ஒழுங்காக அன்றே கட்டியவர் முழுத் தொகை கட்டினார், கட்டாமல் வைத்திருந்தவருக்குப் பாதிதான். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறென்ன சொல்வான்? ஆனால் அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் அது தலைகீழாகப் போகும். இங்கே நாள் ஆக ஆகத் தொகை ஏறும். பிரான்சில் ஊருக்கு வெளியே 20 கிலோமீட்டருக்குக் குறைவாக வேகம் மீறினால் அபராதம் 68 யூரோ. சீக்கிரம் கட்டினால் 45, காலம் கடத்தினால் 180. இத்தாலியில் ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறைவு.

ஹெல்மெட் யோசனையும் ஜெர்மனியை வைத்துச் சொன்னதுதான். இங்கே யார் ஓட்டினார் என்று நிரூபித்தால்தான் அபராதம். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாததால் பைக்காரர்கள் பலர் தப்பித்துவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் வண்டியின் சொந்தக்காரர் கட்ட வேண்டும். ஆஸ்திரியாவில் யார் ஓட்டினார் என்று கேட்டால் சொந்தக்காரர் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அதற்குத் தனியாக அபராதம்.

"சுவிஸ்காரன் என்ன பண்ணுவான்" என்பதற்கும் இப்போது பதில் இருக்கிறது. 2024 மே 1 முதல் இரண்டு நாட்டுக்கும் இடையே புதிய போலீஸ் ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. அபராதம் 80 பிராங்க் அல்லது அதற்கு மேல் என்றால், சுவிஸ் தரப்பு கேட்டுக்கொண்டால் ஜெர்மன் அதிகாரிகளே வசூலிக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 70 யூரோவிலிருந்து இப்படி வசூலிக்கும் ஏற்பாடு அதற்கும் பல வருடம் முன்பே வந்துவிட்டது. அதுவும் போக, சுவிஸில் இந்தச் சிறிய அபராதத்தோடு செலவுத்தொகை எதையும் சேர்க்கக் கூடாது. கட்டாமல் விட்டால் விஷயம் சாதாரணக் குற்ற வழக்கு நடைமுறைக்குப் போகும். அங்கே சேரும் செலவு பல நேரம் அபராதத்தையே தாண்டிவிடும். கடைசிவரை கட்டாவிட்டால் சிறை நாட்களாக மாற்றவும் சட்டத்தில் இடம் உண்டு. அடுத்த முறை குடும்பத்தோடு எல்லையைக் கடக்கும்போது பிள்ளைகள் முன்னால் போலீஸ் நம்மைக் கீழே இறங்கச் சொன்னால் எப்படி இருக்கும்? 120 பிராங்குக்காக அந்த நிலைமை எனக்கு வேண்டாம்.

குழுவில் இன்னொருவன் பயமுறுத்தவும் செய்தான். 2010இல் சுவிஸின் சங்க்ட் காலனில் ஃபெராரி ஓட்டியவருக்கு 2,99,000 பிராங்க் போட்டார்களாமே என்று. அது உண்மைதான். ஆனால் அது பெரிய வேகமீறல். அந்த மாதிரி வழக்குகளில் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தொகை முடிவு செய்வார்கள். சின்ன மீறலுக்கு அப்படிக் கிடையாது. பணக்காரர், ஏழை, முன்பு மாட்டியவர், மாட்டாதவர் எல்லாருக்கும் ஒரே பட்டியல், ஒரே தொகை.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகும் எனக்குள் ஒரு முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. வெறும் 6 கிலோமீட்டருக்கு இவ்வளவா என்று. அதை மாற்றியது பெர்னில் இருக்கும் அண்ணன்.

யாழ்ப்பாணத்துக்காரர். 1980களில் அகதியாக வந்தவர். யூரோப்பாபிளாட்ஸ் பக்கத்தில் பல மதத்தாருக்கும் சேர்த்துக் கட்டிய கட்டடத்தில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது, அங்கேதான் பழக்கம். அந்த வெள்ளிக்கிழமை இரவும் அவர் வீட்டில்தான் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டேன். கடிதம் வந்ததும் போன் போட்டுப் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தனை மணிக்கு எண்டு போட்டிருக்கு தம்பி?"

"11.52 அண்ணா."

"பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்ட போற நேரம் அது. இஞ்ச சின்னப் பிள்ளையளும் தனியத்தான் நடந்து போகும்."

போனை வைத்த பிறகு அந்த இடம் அப்படியே கண்முன் வந்தது. சாலை ஓரத்தில் கல் தொட்டி, அதில் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் ஒரு மரவீடு. அதன் படி நேராகச் சாலையில்தான் இறங்குகிறது, நடுவில் நடைபாதை கிடையாது. தொட்டி ஓரமாக இரண்டு குழந்தைகள். பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு சுவிஸில் கழுத்தில் முக்கோணமாக, பளிச்சென்று ஒளிரும் பட்டை ஒன்றை மாட்டி அனுப்புவார்கள், வண்டி ஓட்டுபவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. அந்த ஆரஞ்சு நிறம் என் கண்ணில் பட்டது. பட்டும் நான் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு குழந்தை தொட்டிக்குள் கைவிட்டு அளைந்துகொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே கடந்து போனேன்.

அன்று இரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். காய்ந்த தார்ச்சாலை, நல்ல பிரேக், கண்டவுடன் கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. 50இல் வருபவர் அந்த ஒரு விநாடியில் 14 மீட்டர் போய், இன்னும் 12 மீட்டரில் நின்றுவிடுவார். மொத்தம் 26 மீட்டர். 61இல் வருபவர் அந்த ஒரு விநாடியிலேயே 17 மீட்டர் போய்விடுகிறார். மிச்சம் இருக்கும் 9 மீட்டரில் எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும், முதல் ஆள் நின்றுபோன அதே இடத்தில் இவர் இன்னும் மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். நம்ப முடியாமல் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது. எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், வயது ஐந்து. அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆல்ப்ஸ் கிராமத்து மக்களுக்குப் பைக்காரர்கள்மேல் கோபம் இருப்பது பழைய கதை. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ரோய்ட்டெ பகுதியில், நின்ற நிலையில் 95 டெசிபெலுக்கு மேல் சத்தம் போடும் பைக்குகளைக் கோடைக்காலத்தில் விடுவதில்லை. 2020இல் கொண்டுவந்த தடை அது. அப்போது எங்கள் குழுவில் எல்லாரும் கொதித்தோம், நானும்தான். நாம் வருடத்துக்கு ஒருமுறை போகும் சாலை அவர்களுக்கு வீட்டு வாசல். அவர்கள் பிள்ளைகள் தினமும் அதைக் கடந்துதான் சோறு சாப்பிட வருகிறார்கள். இது அன்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

வரும் எல்லா அபராதமும் சரியாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. முதலில் வண்டி நம்பர், தேதி, நேரம் எல்லாம் பொருந்துகிறதா பாருங்கள். என் கடிதத்தில் இருந்த இணைய முகவரியில் படம் இருந்தது. பின்னாலிருந்து எடுத்தது, நம்பர் பிளேட்டும் பின்சீட்டில் கட்டிய என் நீலப் பையும் தெளிவாகத் தெரிந்தன. உங்கள் வண்டி அது இல்லை என்றால் காலக்கெடுவுக்குள் எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். பேசாமல் இருப்பது மறுப்பு ஆகாது. செல்போனில் குறுஞ்செய்தியாக லிங்க்குடன் வந்தால் தொடாதீர்கள், அந்த மாதிரி மோசடி நிறைய நடக்கிறது.

கட்டுவதாக இருந்தால் பிராங்கிலேயே அனுப்புங்கள், வங்கிக் கட்டணம் முழுவதும் உங்கள் கணக்கில் வரும்படி. இரண்டு பிராங்க் குறைந்து போய்ச் சேர்ந்தால் கட்டாத மாதிரி ஆகிவிடலாம். சீட்டில் உள்ள குறிப்பு எண்ணை ஒரு இலக்கம் விடாமல் போடுங்கள். ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்து வாடகை பைக் எடுப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பெயரையும் முகவரியையும் போலீசுக்குக் கொடுப்பதற்கென்று வாடகை நிறுவனம் தனிக் கட்டணத்தை உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். அது அபராதம் இல்லை. அதைக் கட்டியதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

மறுநாள் காலை 120 பிராங்கை அனுப்பினேன். 130 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ரசீதையும் அந்தக் கணக்குப் போட்ட தாளையும் சேர்த்துக் குழுவில் போட்டேன். ரொம்ப நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. ராத்திரி, "கட்டாத மச்சி" என்று முதலில் சொன்னவனே தனியாக மெசேஜ் அனுப்பினான். ஆஸ்திரியாவிலிருந்து அவனுக்கும் ஒரு கடிதம் வந்து மேஜை டிராயரில் கிடக்கிறதாம், வந்து மூன்று வாரம் ஆகிறதாம். அங்கே நாலு வாரத்துக்குள் சரியான தொகையைக் கட்டினால் அத்தோடு முடிந்துவிடும், யார் ஓட்டினார் என்றுகூடக் கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். உடனே கட்டிவிட்டான்.

இதைப் படிக்கிறவர்களில் யாருடைய டிராயரிலாவது அப்படி ஒரு உறை கிடந்தால், இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். மொழி புரியவில்லை என்றால் பெயர், முகவரி, வண்டி நம்பரை மறைத்துவிட்டு எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். ஜெர்மன் மொழியில் இருந்தால் நான் படித்துச் சொல்கிறேன்.